கழுத்தை நீட்டாதீர்கள்

முடி வெட்டி முடிந்தது. மேலே போர்த்திய துணியை உதறியாயிற்று. கடைக்காரர் பிரியமாகத் தலையில் நாலு தட்டு தட்டுகிறார், தோளைப் பிசைகிறார். பிறகு ஒரு கையால் உங்கள் தாடையையும் மறு கையால் உச்சியையும் பிடித்துக்கொண்டு, "கழுத்த லூசா விடுங்கண்ணே" என்கிறார். அங்கேயே அவர் கையைப் பிடித்து நிறுத்துங்கள். "வேண்டாம்ணே, கழுத்துல மட்டும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். கூச்சப்படாதீர்கள். அவர் மனம் கோணுமே என்று பார்க்காதீர்கள். அவர் அதை நல்லெண்ணத்தில்தான் செய்கிறார், பெரும்பாலும் காசுகூட வாங்காமல். தொழில் கற்ற இடத்தில் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர் கையில் இருப்பது எது என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

தெரிந்துகொள்ளுங்கள். கழுத்தில் ஏழு எலும்புகள். கழுத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரத்தக்குழாய்கள், பெரும்பாலும் ஆறாவது எலும்பின் பக்கத் துளையில் நுழைந்து, ஒவ்வோர் எலும்பின் துளை வழியாகவும் மேலேறி, முதல் எலும்பின் மேல் சட்டென்று மடங்கி மண்டைக்குள் போகின்றன. மூளையின் பின்பகுதிக்கும் மூளைத்தண்டுக்கும் ரத்தம் அந்த வழியாகத்தான் போகிறது. நிற்பதும் நடப்பதும் பேசுவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் அந்தப் பகுதியை நம்பி இருக்கின்றன. கழுத்தை வெடுக்கென்று திருகும்போது, மடங்கிப் போகும் அந்த இடத்தில் குழாய் இழுபட்டு உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறையும். உறைந்த துணுக்கு மேலே போய் அடைத்தால் பக்கவாதம். அதுவும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே வர வேண்டும் என்பதில்லை. சில மணி நேரமோ சில நாளோ கழித்து, சலூனை மறந்துபோன பிறகு, தலைசுற்றலும் வாந்தியும் நாக்குழறலுமாக வரும். பித்தம் என்று எலுமிச்சைச் சாறு குடித்துப் படுத்துவிடுகிறவர்கள் உண்டு.

கழுத்தைப் பின்னுக்கு மடக்கி வைத்துத் தலை அலசும் அழகு நிலையத் தொட்டியாலும் இது நேரலாம் என்று 1993இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வெயின்ட்ராப் எழுதினார். அப்போது அதைச் சிரித்துக்கொண்டு படித்தவர்கள் இருந்திருப்பார்கள். 2022இல் ஐதராபாத்தில் அழகு நிலையத்தில் தலை அலசப் போன ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அதேதான் நேர்ந்தது, செய்தியும் வந்தது.

"எங்கப்பா அறுபது வருஷம் நெட்டி முறிச்சுக்கிட்டாரே, என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை, சரி. இது அரிதாக நடப்பதுதான், பயமுறுத்துவதற்காகக் கூட்டிச் சொல்ல மாட்டேன். ஆனால் எதற்காக அந்த ஆபத்தை விலைக்கு வாங்குகிறீர்கள்? நெட்டி முறியும்போது கேட்பதை, விலகிய எலும்பு இடத்துக்கு வந்து பொருந்துகிற சத்தம் என்று நினைக்கிறீர்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக் குமிழ் உண்டாகிறது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரலை எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் வைத்து இழுத்துச் சொடக்கெடுத்துப் பார்த்தே அதைப் படம் பிடித்தார்கள். சொடக்கெடுத்ததும் கிடைக்கும் சுகம் உண்மை. ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். மறுநாள் கழுத்து மறுபடி கேட்கும். தானே தாடையைப் பிடித்துத் தானே திருகிக்கொள்கிற இளைஞர்களை இப்போது எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். தம்பிகளே, தங்கைகளே, அந்தப் பழக்கத்தையும் இன்றோடு விடுங்கள்.

கழுத்தைத் திருகிக்கொள்ள ஏன் அவ்வளவு ஆசை வருகிறது என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும். கழுத்து இறுகியிருக்கிறது. அந்த இறுக்கத்தோடு கூடவே ஒரு தலைவலி. பிடரியில் ஆரம்பிக்கிறது, காதுக்குப் பின்னால் ஏறுகிறது, நெற்றிப்பொட்டிலும் கண்ணுக்குப் பின்னாலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. கண்ணாடி போட வேண்டுமோ என்று கண் டாக்டரிடம் போகிறோம். சைனஸ் என்று ஆவி பிடிக்கிறோம். அமிர்தாஞ்சன் 1893இல் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை தைலம் என்றால் நம் கை நெற்றிக்குத்தான் போகிறது. வலி தெரிகிற இடம் நெற்றி. வலி பிறக்கிற இடம் பலருக்குக் கழுத்து.

எப்படி என்றால், கழுத்தின் மேலுள்ள முதல் மூன்று நரம்புகளும், நெற்றிக்கும் முகத்துக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்பும், தண்டுவடத்தின் உச்சிப் பகுதியில் ஒரே நரம்பணுக் கூட்டத்தில் வந்து சேர்கின்றன. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே அழைப்பு மணி வைத்த மாதிரி. மணி அடித்தால் ஆள் எந்த வாசலில் நிற்கிறான் என்று மூளைக்குத் தெரிவதில்லை. மேல் கழுத்து மூட்டுகளும் அவற்றைச் சுற்றியுள்ள தசைகளும் நொந்தால் நெற்றி வலிக்கிறது. நார்வே நரம்பியல் மருத்துவர் ஓட்டர் ஷோஸ்டாட் 1983இல் இந்தத் தலைவலிக்குத் தனிப்பெயர் கொடுத்தார். அதற்குமுன் இது ஒற்றைத் தலைவலியோடும் மன அழுத்தத் தலைவலியோடும் கலந்து கிடந்தது. நம் ஊரில் இன்றும் கலந்துதான் கிடக்கிறது.

உங்களுடையது கழுத்திலிருந்து வருவதா என்று சில அடையாளங்களை வைத்து ஊகிக்கலாம். வலி பெரும்பாலும் ஒரே பக்கம், பக்கம் மாறுவதில்லை. கழுத்தைத் திருப்பினாலோ, ஒரே நிலையில் வெகுநேரம் வைத்திருந்தாலோ கூடுகிறது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு பக்கம் திரும்பிப் பார்க்க முடிகிறது, மறுபக்கம் உடம்பையே திருப்ப வேண்டியிருக்கிறது. மண்டையோடு முடியும் இடத்துக்குக் கீழே, நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளி அழுத்தினால் "ஆ, அங்கேதான்" என்கிறீர்கள். பிசியோதெரபிஸ்ட் உங்களைப் படுக்கவைத்து, தாடை நெஞ்சில் படும்படி கழுத்தை மடக்கி, மெல்லத் திருப்பிப் பார்ப்பார். நல்ல கழுத்து இரண்டு பக்கமும் ஏறக்குறைய 44 டிகிரி திரும்பும். கழுத்துத் தலைவலிக்காரருக்கு வலிக்கிற பக்கம் அதில் கணிசமாகக் குறையும். இதை வீட்டில் மைத்துனரை விட்டுச் செய்துபார்க்க வேண்டாம்.

ஊகம்தான், முடிவு அல்ல. ஒற்றைத் தலைவலிக்காரர்களிலும் பலருக்குக் கழுத்து வலிக்கும். விண் விண் என்று தெறிப்பது, குமட்டுவது, வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமல் இருட்டறை தேடுவது, மாதவிலக்கை ஒட்டி வருவது இவையெல்லாம் ஒற்றைத் தலைவலியின் பக்கம் கைகாட்டும். அதற்கு மருத்துவமே வேறு. கழுத்து வலிக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, வருடக்கணக்கில் கழுத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பதும் தவறு.

சில தலைவலிகளுக்குக் கைவைத்தியம், ஒத்தடம், இந்தக் கட்டுரை எதுவுமே கூடாது. இதுவரை கண்டிராத கடுமையில் ஒரே நிமிடத்தில் உச்சிக்கு ஏறிய வலி. காய்ச்சலோடு கழுத்து விறைத்துக்கொண்ட வலி. அடிபட்ட பின் வந்த வலி. கை கால் மரத்துப்போதல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நடை தள்ளாடுதல் இவற்றில் ஏதாவது ஒன்று கூடவே இருத்தல். கழுத்தைத் திருகிக்கொண்ட பிறகு புதிதாக வந்த கழுத்துவலியோடு தலைசுற்றல். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். காலைவரை பார்ப்போம், மாமா வரட்டும், கோயிலுக்குப் போய் வந்துவிடுவோம் என்று ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தலைவலி தொடங்கி, சாப்பாட்டை மெல்லும்போது தாடை வலித்து, தலை சீவினால் தோல் நொந்தால், அன்றே மருத்துவரைப் பாருங்கள். அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், தாமதித்தால் பார்வை போய்விடலாம்.

இப்போது மெடிக்கல் ஷாப்புக்கு வாருங்கள். "தலைவலி மாத்திரை ரெண்டு குடுப்பா." அவர் அட்டையிலிருந்து கத்தரியால் இரண்டை வெட்டுகிறார். மருந்தின் பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில். உங்கள் கையில் வருவது வெள்ளைக் காகித உறையில் பெயரில்லாத இரண்டு மாத்திரை. அது வலியைத் தணிக்கிறது, அதில் குற்றமில்லை. வலி தாங்காதபோது, என்ன மருந்து என்று தெரிந்து, வயிறும் சிறுநீரகமும் நன்றாக உள்ளவர் எப்போதாவது போட்டுக்கொள்ளலாம். இங்கே நடப்பது அதுவல்ல. திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை ஒன்று, பிறகு வலிக்கும் என்ற பயத்தில் வலிக்குமுன்பே ஒன்று. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபின் முதலானவை சேர்ந்த கூட்டு மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். பன்னாட்டுத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டில் இதற்குத் தனி இடமே இருக்கிறது. சமையலறைக் காலண்டரை எடுத்து, மாத்திரை போட்ட நாளெல்லாம் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். ஒரு மாதம் போட்டுப் பாருங்கள். குறிகள் அந்த எண்ணிக்கையை நெருங்கினால், காலண்டரோடு மருத்துவரிடம் போங்கள். திடீரென்று நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்தித் தவிக்கவும் வேண்டாம்.

ஸ்கேன் எடுத்துக் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது, டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவுடன் இடிந்து உட்கார்ந்துவிடுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வெளிவந்தது. அவர்களில் 87.6 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. வலியில்லை, குறையில்லை, டிஸ்க் மட்டும் பிதுங்கியிருந்தது. தலை நரைப்பதைப் போல் கழுத்துக்கும் வயதாகிறது, அவ்வளவுதான். கை மரப்பதும் பிடி தளர்வதும் நடை மாறுவதும் இருந்தால் விஷயம் வேறு, அதை மருத்துவர் சொல்வார். இல்லையென்றால், அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு இனி ஆயுளுக்கும் குடம் தூக்கக் கூடாது, திரும்பிப் படுக்கக் கூடாது என்று உங்களுக்கு நீங்களே தண்டனை எழுதிக்கொள்ளாதீர்கள். கழுத்துப் பட்டையைப் பற்றியும் அப்படித்தான் சொல்வேன். மருத்துவர் சொன்ன சில நாளுக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு திரியாதீர்கள். பட்டை வேலை செய்யச் செய்யக் கழுத்துத் தசை வேலையை மறந்துபோகும்.

என்னதான் செய்வது? முதல் வேலை, அசைவது. தலை ஏறக்குறைய ஐந்து கிலோ எடை. 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு அது 27 கிலோவாகக் கனக்கும் என்று நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் கணக்குப் போட்டார். வாட்ஸ்அப்பில் அந்தப் படம் உங்களுக்கும் வந்திருக்கும். அது கணினியில் போட்ட கணக்கு, யாருடைய கழுத்திலும் அளந்தது அல்ல. அதனால் குனிவதே பாவம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குனியத்தான் கழுத்து. நாற்று நடுகிறவர் குனியாமல் நடமுடியுமா? கேடு, அசையாமல் ஒரே கோணத்தில் ஒரு மணி நேரம் நிற்பதில் இருக்கிறது. நிமிர்ந்து விறைப்பாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் கழுத்து நோகத்தான் செய்யும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். தண்ணீர் குடிக்கப் போங்கள், சன்னல் வரை போய் வாருங்கள். தோளைப் பின்னால் சுழற்றுங்கள், இரு பக்கமும் மெல்லத் திரும்பிப் பாருங்கள். போனைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மடிக்கணினிக்கு அடியில் தடித்த புத்தகம் நாலைந்தை அடுக்கித் தனி விசைப்பலகை வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இரண்டாவதை வேண்டுகோளாக அல்ல, கண்டிப்பாகவே சொல்கிறேன். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்தபடியே வண்டி ஓட்டுவதை நிறுத்துங்கள். போனை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு ஓட்டுவதையும்தான். காந்திபுரத்திலும் கோயம்பேட்டிலும் ஒரு சிக்னலுக்கு மூன்று பேரையாவது அப்படிப் பார்க்கிறேன். ஒரு பக்கக் கழுத்துத் தசை முழுவதும் சுருங்கி, மறுபக்கம் இழுபட்டு, அதற்குமேல் குண்டும் குழியுமான சாலையின் அதிர்வு. அப்படி ஓட்டுகிறவர் இரவில் தலை இடித்தால் மனைவியைத் தைலம் தேய்க்கச் சொல்கிறார். அந்தத் தலைவலி அவர் ஒருவர் தலையோடு போகும். அப்படி ஓட்டிக்கொண்டு போய் இடித்தால், இடிபட்டவருக்கு என்ன பதில் சொல்வார்?

மூன்றாவது, பயிற்சி. நான் சொல்வதிலேயே அதிகம் பலன் தருவது இதுதான், அதிகம் பேர் கைவிடுவதும் இதைத்தான். ஆஸ்திரேலிய பிசியோதெரபி அறிஞர் குவென்டலின் ஜுல் தலைமையில் கழுத்துத் தலைவலிக்காரர்கள் 200 பேரை வைத்து ஆய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு மூட்டுகளைக் கையால் தளர்த்தும் சிகிச்சை, ஒரு பிரிவுக்குக் கழுத்துப் பயிற்சி, ஒரு பிரிவுக்கு இரண்டும், ஒரு பிரிவுக்கு எதுவுமில்லை. ஆறு வாரம். சிகிச்சை பெற்ற மூன்று பிரிவினருக்கும் தலைவலி குறைந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நின்றிருந்தது. அங்கே கையால் தளர்த்தியவர்கள் அதையே படித்துப் பயின்றவர்கள், கழுத்தை முழுக்கச் சோதித்த பிறகே தொட்டவர்கள். சலூன் நாற்காலியோடு அதைச் சேர்த்து எண்ணாதீர்கள். பயிற்சி மட்டுமே செய்தவர்களும் தேறினார்கள் என்பதைத்தான் நீங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் காசு வேண்டாம். தரையும் ஒரு துண்டும் போதும்.

பாயில் மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்குங்கள். தலைக்கு அடியில் துண்டை இரண்டாய் மடித்து வையுங்கள், முகம் மோட்டுவளையை நேராகப் பார்க்க வேண்டும். இப்போது "ஆமாம்" என்று தலையாட்டுவதுபோல், மிக மெல்ல, தாடையைத் தொண்டைப் பக்கம் இறக்குங்கள். தலை துண்டை விட்டு எழும்பக் கூடாது. கழுத்தின் முன்பக்கம், காதிலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் தசைமேல் இரண்டு விரலை வைத்துக்கொள்ளுங்கள். அது விறைத்து எழுந்தால் நீங்கள் பலம் போட்டுவிட்டீர்கள், குறையுங்கள். உள்ளே ஆழத்தில், எலும்பை ஒட்டியிருக்கும் சின்னத் தசைகள்தான் வேலை செய்ய வேண்டும். வெளியே பார்க்கிறவருக்கு நீங்கள் சும்மா படுத்திருப்பதாகவே தோன்றும். பத்து விநாடி அப்படியே பிடியுங்கள், மூச்சை அடக்காதீர்கள். விடுங்கள். பத்து முறை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. பிறகு உட்கார்ந்து, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னாலும் கீழேயும் இழுத்துச் சேர்த்து, அதே பத்து விநாடி, அதே பத்து முறை. தோளைக் காதுப்பக்கம் தூக்கக் கூடாது. செய்யும்போது லேசாக இழுப்பது போலிருந்தால் பரவாயில்லை. தலைவலி கூடினாலோ கை மரத்தாலோ நிறுத்திவிட்டு ஆளைப் பாருங்கள்.

நாலு நாள் செய்துவிட்டு "ஒண்ணும் கேக்கலையே" என்று எழுந்து போகாதீர்கள். ஆறு வாரம் என்றால் ஆறு வாரம். தசை ஊசி போட்ட மாதிரி மாறாது. ஒழுங்காகச் செய்கிறோமா என்று ஒருமுறையாவது படித்தவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வெளியே வரமுடியாத முதியவர்களுக்கு பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. தெருவில் ஒருவருக்கு அப்படி வருகிறது என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.

சூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது நம் பாட்டிமார் பேட்டை. கல்லுப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, பிடரியிலும் தோளிலும் ஒற்றி எடுப்பார்கள். நொச்சி இலையை வதக்கியும் கட்டுவார்கள். நொச்சி அடைத்த தலையணையும் கிராமத்து வீடுகளில் உண்டு. ஒத்தடத்தில் கழுத்துத் தசை தளரும், வலி மட்டுப்படும், அந்த நேரத்தில் பயிற்சி சுலபமாக வரும். அதுவரை சரி. நொச்சி தலைவலியை வேரோடு பிடுங்கிவிடும் என்று நான் எழுத மாட்டேன். கால்மணி நேரம் போதும். முடிச்சை முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பாருங்கள். சர்க்கரை நோயில் உணர்வு குறைந்தவருக்கு வெந்து கொப்புளித்தாலும் தெரியாது, அவர்களுக்கு ஒத்தடம் கொடுப்பவரே பொறுப்பு. இயற்கை என்ற பெயர் போட்டதெல்லாம் தீங்கில்லாதது என்று நம்பிவிடவும் கூடாது. கழுத்து நோவுள்ளவர் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் மூன்றையும் ஒதுக்கிவையுங்கள், உடம்பின் பாரம் அப்படியே கழுத்தில் இறங்கும். சித்த மருத்துவம் வேண்டுமென்றால் முறையாகப் படித்தவரிடம் போங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இருக்கிறது, அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. உலக்கையை வைத்துச் சுளுக்கு வழிப்பேன் என்று கழுத்தருகே வருகிறவரை வணக்கத்தோடு அனுப்பிவிடுங்கள்.

தலையணை பற்றிச் சுருக்கமாக. குப்புறப் படுக்காதீர்கள், இரவு முழுவதும் கழுத்து ஒரு பக்கம் திருகிக் கிடக்கும். ஒருக்களித்துப் படுத்தால் தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் போதும். சோபாக் கைப்பிடியில் தலையை வைத்து டிவி பார்த்தபடியே தூங்கிப்போகிற அப்பாக்களை எழுப்பிக் கட்டிலுக்கு அனுப்புங்கள். தூக்கம் குறைந்தால் எந்தத் தலைவலியும் இரட்டிக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் தன் கழுத்து தன் வசத்தில் இருப்பவருக்கு. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சன்னல் வரை போய்வர யாருக்கு முடியும்? திருப்பூர் பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் டைலருக்கு முடியுமா? ஓவர்லாக் ஊசியிலிருந்து கண்ணை எடுத்தால் துணி ஓடிவிடும். பீஸ் ரேட்டில் ஓடுகிற கைக்கு நிமிர்வது நட்டம். முதுகுச் சாய்மானம் இல்லாத ஸ்டூல், உயரம் மாற்ற முடியாத மேசை, ஊசியருகே போதாத வெளிச்சம். வெளிச்சம் போதாதபோது கண் துணியை நோக்கி இறங்குகிறது, கண்ணோடு கழுத்தும் இறங்குகிறது. ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வரும் பெண்கள் கேட்டைத் தாண்டியதும் முதலில் செய்வது பிடரியைப் பிடித்துக்கொள்வதுதான். செக்கிங்கிலும் கைமடியிலும் நாள் முழுவதும் குனிந்தே நிற்பவர்கள் அவர்கள். மாத்திரை அட்டை டிபன் பையிலேயே இருக்கிறது. "தினமும் நிமிர்ந்து உட்காரம்மா" என்று அவர்களுக்கு உபதேசம் செய்தால் அது உபதேசம் செய்கிறவனுக்கே வெட்கம்.

கட்டட வேலையில் சித்தாள் தலையில் ஏறும் செங்கலை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு செங்கல் ஏறக்குறைய மூன்று கிலோ. சும்மாட்டின் மேல் பலகை, பலகைமேல் பத்துக் கல் என்றால் 30 கிலோ. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1998ஆம் ஆண்டு மத்திய விதிகள், வயதுவந்த பெண் தூக்கலாம் என்று வைத்த உச்ச வரம்பு அதே 30 கிலோதான், ஆணுக்கு 55. பதினோராவது கல்லை வைக்கிற கை யாருடையது? வீடு கட்டுகிறவர் நீங்கள்தான் என்றால் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மாடிக்குக் கல் ஏற்ற ஒரு கப்பியும் கயிறும் வாடகைக்கு எடுக்க உங்களிடம் பணம் இல்லாமல் இல்லை. பள்ளிப் பிள்ளையின் பையும் இதே கணக்கில்தான் வரும். 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பை கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் போகக் கூடாது என்கிறது. முப்பது கிலோப் பிள்ளைக்கு மூன்று கிலோ. மளிகைக் கடைத் தராசில் ஒருநாள் நிறுத்துப் பார்த்துவிட்டு, ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள்.

பனியன் கம்பெனி நடத்துகிறவர்களே, லைன் சூப்பர்வைசர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். மேசைக் கால்களுக்கு அடியில் இரண்டங்குலக் கட்டை வைத்து உயர்த்துவதற்குத் தச்சருக்கு ஒரு நாள் வேலை. ஸ்டூலுக்குப் பதில் சாய்மானமும் உயர மாற்றமும் உள்ள நாற்காலி, ஊசிக்குமேல் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு. மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் எந்திரத்தை நிறுத்தி, எல்லாரும் எழுந்து தோளைச் சுழற்றட்டும். இதையெல்லாம் பையர் ஆடிட் வருகிற வாரத்தில் மட்டும் செய்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். எல்லா லைனுக்கும் ஒரே நாளில் முடியாதென்றால் ஒரு லைனில் தொடங்குங்கள். எந்த மேசை எவ்வளவு உயரம் வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யாமல், அதில் உட்காருகிற டைலர் அக்காவை உட்காரவைத்து, அவரைக் கேட்டுக் கட்டையை அறுக்கச் சொல்லுங்கள்.